பூஜ்யத்துக்குக் கீழே எல்லாம் கடலா?

எண்ணிம நிலவுரு மாதிரி என்பதன் ஒப்பனையைக் கலைத்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது எண்கள் நிரம்பிய ஒரு பெரிய அட்டவணை. தரையைச் சம அளவுள்ள சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் உயரத்தை எழுதி வைத்திருப்பார்கள். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. கட்டத்தின் பக்கம் 30 மீட்டர் என்றால் ஒரு நடுத்தர மாவட்டத்துக்கே நாற்பது ஐம்பது லட்சம் எண்கள் வேண்டியிருக்கும். இத்தனை எண்களைக் கண்ணுக்குக் காட்ட நிறம் பூசியாக வேண்டும். தாழ்ந்த நிலத்துக்குப் பச்சை, சற்று மேலே மஞ்சள், மலைக்குப் பழுப்பு, உச்சிக்கு வெள்ளை என்று பள்ளி அட்லஸில் நாம் பார்த்துப் பழகிய வரிசை அது. நீருக்கு மட்டும் நீலம். இந்த நீலம்தான் தகராறு. ஏனென்றால் நீர் என்ற செய்தி அந்த அட்டவணையில் எங்குமே இல்லை. ஒரு கட்டத்தில் 12 என்று எழுதியிருந்தால் அது நெல்வயலா, ஏரியின் நீர்ப்பரப்பா என்று அந்த எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. ஆனாலும் திரையில் நீலம் வந்துவிடுகிறது. பெரும்பாலும் அது வருவது மிக எளிமையான ஒரு விதியால்: உயரம் பூஜ்யமோ அதற்குக் கீழோ என்றால் நீலம், இல்லாவிட்டால் நிலத்தின் நிறம். பார்வைக்கு அளவீடு போல இருக்கும் இந்த விதி உண்மையில் ஓர் ஊகம் மட்டுமே. ஓரிடத்தில் நீர் இருக்கிறதா என்பது அதன் உயரத்திலிருந்து கணக்கிட்டு எடுக்கக்கூடிய செய்தி அல்ல. அதைத் தனியே அளக்க வேண்டும், தனி அடுக்காக வைக்க வேண்டும், எந்த நாளின் நீர் என்பதையும் கூடவே எழுத வேண்டும்.

விதி எங்கே உடைகிறது என்று காண நெதர்லாந்துக்குப் போகலாம். அந்நாட்டு நிலத்தில் கால்பங்குக்குச் சற்று மேல் கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. ஆம்ஸ்டர்டாமுக்குத் தென்மேற்கில் உள்ள ஹார்லெமர்மேர் ஒரு காலத்தில் பெரிய ஏரி. 1849 முதல் 1852 வரை நீராவி எந்திரங்களை வைத்து இறைத்து அதை வற்றவைத்து விளைநிலம் ஆக்கினார்கள். இன்று ஷிப்போல் விமான நிலையம் அந்த ஏரிப்படுகையின் மேல், கடல்மட்டத்துக்கு மூன்று நான்கு மீட்டர் கீழே இருக்கிறது. பூஜ்ய விதியின்படி வரைந்தால் ஓடுபாதை முழுக்க நீலம். சரி, எல்லையைப் பூஜ்யத்தில் வைக்காமல் இன்னும் நாலைந்து மீட்டர் இறக்கினால் தீராதா என்று கேட்கலாம். தீராது. காரணம் அந்த இடத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. ஏரியை இறைப்பதற்கு முன் அதைச் சுற்றிக் கரை எழுப்பி, கரைக்கு வெளியே வளையமாக ஒரு கால்வாய் வெட்டினார்கள். உள்ளிருந்து இறைத்த நீர் அந்தக் கால்வாயில் விழுந்து அங்கிருந்து கடலுக்குப் போயிற்று. மழைநீர் இன்றும் அப்படித்தான் போகிறது. அந்தக் கால்வாயின் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு அரை மீட்டருக்குச் சற்றுக் கீழே. கரைக்கு உள்ளே இருக்கும் வயலோ நாலைந்து மீட்டர் கீழே. அதாவது படகு மிதக்கும் நீர், பக்கத்தில் பயிர் விளையும் மண்ணைவிட உயரத்தில் நிற்கிறது. எந்த எண்ணை எல்லையாக வைத்தாலும் சரி, கால்வாயை நீர் என்று சொல்கிற விதி அதைவிடத் தாழ்ந்த வயலையும் மூழ்கடித்துவிடும். வயலை நிலம் என்று காப்பாற்றுகிற விதி கால்வாயையும் நிலமாக்கிவிடும். அளவு இன்னும் துல்லியமானால் சரியாகிவிடும் என்று சொல்லித் தப்ப முடியாது. சென்டிமீட்டர் சுத்தமாக அளந்தாலும் இதே முடிவுதான் வரும்.

எதிர்ப்பக்கத்துப் பிழை இதைவிடப் பரவலானது, ஆனால் யாரும் கண்டுகொள்வதில்லை. தென் அமெரிக்காவின் டிட்டிகாகா ஏரியின் நீர்ப்பரப்பு கடல்மட்டத்துக்கு 3,812 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; பூஜ்ய விதிக்கு அது ஒரு பழுப்பு நிற மேட்டுச் சமவெளி. காஸ்பியன் கடல் சுமார் 28 மீட்டர் கீழே இருப்பதால் தற்செயலாக நீலம் பெறுகிறது, ஆனால் அதன் வடகரையில் கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் உலர்ந்த புல்வெளிகளும் சேர்ந்து நீலமாகிவிடுகின்றன. வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரி இன்னும் வேடிக்கை. அதன் நீர்ப்பரப்பு 183 மீட்டர் உயரத்தில். ஆழம் மிக அதிகமான இடத்தில் 400 மீட்டரைத் தாண்டும். அப்படியானால் படுகையின் ஒரு பகுதி கடல்மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே. நீர்ப்பரப்புக்குப் பதில் ஏரிப்படுகையின் உயரத்தைத் தரும் மாதிரிகளும் உண்டு. அப்படி ஒன்றில் பூஜ்ய விதியைப் பயன்படுத்தினால் நடுவில் ஆழமான பகுதி மட்டும் நீலமாகவும், சுற்றியுள்ள ஏரி முழுக்கப் பச்சை நிலமாகவும் வரும். கப்பல் போகும் இடத்தில் காடு முளைத்துவிடும்.

இதுவரை பூஜ்யம் என்றால் கடல்மட்டம் என்று வைத்துக்கொண்டு பேசினோம். அந்தப் பூஜ்யமே ஓரிடத்தில் நிலையாக இல்லை. செயற்கைக்கோள் இருப்பிடக் கருவிகள் முதலில் கணக்கிடுவது கடல்மட்டத்திலிருந்து உள்ள உயரத்தை அல்ல. பூமியின் வடிவத்துக்கு நெருக்கமாகக் கணிதத்தில் வரையப்பட்ட, துருவங்களில் சற்றுத் தட்டையான ஒரு வழவழப்பான கோளத்திலிருந்து உள்ள உயரத்தை. உண்மையான கடல்நீர் அந்தக் கோளத்தைப் பின்பற்றுவதில்லை. பூமிக்குள் நிறை எல்லா இடத்திலும் ஒரே சீராகப் பரவியில்லாததால் ஈர்ப்பு இடத்துக்கு இடம் மாறுகிறது. கடல் அதற்கேற்ப மேடு பள்ளமாக நிற்கிறது. ஈர்ப்பு தீர்மானிக்கும் அந்தக் கடல்மட்ட வடிவத்துக்கு ஜியாய்டு என்று பெயர். உலகிலேயே அது மிக ஆழமாகக் குழிந்திருக்கும் இடம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது: கணிதக் கோளத்துக்கு ஏறத்தாழ 106 மீட்டர் கீழே. தமிழ்நாட்டுக் கடற்கரையும் அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் அமைந்திருக்கிறது. இங்கே கடல்மட்டமே கணிதக் கோளத்துக்கு 80 மீட்டருக்கும் அதிகமாகக் கீழே. ஜெர்மானிய டேன்டெம்-எக்ஸ் செயற்கைக்கோள்களின் 90 மீட்டர் மாதிரி போன்ற சில மாதிரிகள் உயரத்தை இந்தக் கோளத்திலிருந்தே தருகின்றன. அதை அப்படியே எடுத்துப் பூஜ்ய விதியைப் போட்டால் சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தஞ்சாவூர், தூத்துக்குடி, யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் என எல்லாம் நீலத்துக்குள் போய்விடும், மதுரை தப்பித்துக்கொள்ளும். நியூகினிப் பக்கம் நேர்மாறு: அங்கே ஜியாய்டு கோளத்துக்கு மேலே பல பத்து மீட்டர் எழும்பி நிற்பதால் திறந்த கடலே பச்சை நிலமாக வரும். சென்னைக் கடற்கரையில் நிற்கும்போது கைபேசிச் செயலிகள் சில எதிர்ம உயரம் காட்டுவதற்கும் இதுதான் காரணம். கருவி பழுதாகவில்லை, அதன் பூஜ்யம் வேறு. மாதிரியின் விளக்கக் குறிப்பில் ஒற்றை வரியாக ஒளிந்திருக்கும் இந்தச் செய்தியைப் படிக்காமல் நீலம் பூசுபவர் நீரைப் பற்றிச் சொல்வதாக நினைத்துக்கொண்டு ஈர்ப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார்.

நீர் தனிச் செய்தி என்பதற்கு ஆகச் சிறந்த சாட்சி, இந்த மாதிரிகளை உண்டாக்கியவர்களே செய்த வேலை. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டவர் விண்ணோடம் 11 நாள் பறந்து, உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 80 சதவீதத்தை ரேடாரால் அளந்தது. எஸ்ஆர்டிஎம் என்று இன்றும் உலகெங்கும் புழங்கும் மாதிரி அதிலிருந்து பிறந்ததுதான். விண்ணோடத்தில் ஒரு ரேடார் ஆன்டெனா, அதிலிருந்து 60 மீட்டர் நீளக் கம்பத்தின் நுனியில் இன்னொன்று. தரையில் பட்டுத் திரும்பும் அலை இரண்டையும் எட்டும்போது அவற்றுக்கிடையே உண்டாகும் மிக நுண்ணிய வேறுபாட்டிலிருந்து உயரத்தைக் கணக்கிட்டார்கள். அலையின் நீளம் 5.6 சென்டிமீட்டர். மண்ணும் மரமும் பாறையும் இந்த அலையை நாலாபக்கமும் சிதறடிக்கும். அதில் ஒரு பங்கு திரும்பி வரும். அமைதியான நீர் அப்படியல்ல. ரேடார் பக்கவாட்டில் சாய்ந்து பார்ப்பதால், கண்ணாடி போன்ற நீர்ப்பரப்பில் பட்ட அலை எதிர்த்திசையில் எகிறிப் போய்விடும். திரும்பி வருவது மிகச் சொற்பம். அந்தச் சொற்பத்திலிருந்து கணக்கிட்ட உயரம் வெறும் இரைச்சல்தான். திருத்தப்படாத முதல் பதிப்பைத் திறந்து, மலைச்சரிவுக்கு நிழல் இடுவது போல நிழலிட்டுப் பார்த்தால், நிலம் தெளிவாகவும் ஏரிகள் குண்டும் குழியுமாகவும் தெரியும். உலகிலேயே மிகத் தட்டையான பரப்பு, மாதிரியில் மிகக் கரடுமுரடான பரப்பாகிவிட்டது.

ஆகவே திருத்தினார்கள். கடல் முழுவதையும் பூஜ்யத்துக்கு இறக்கினார்கள். 600 மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஏரிகளை ஒரே உயரத்துக்குத் தட்டையாக்கினார்கள். 183 மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஆறுகளைக் கீழ்நோக்கிப் படிப்படியாக இறங்கும்படி செய்தார்கள், மாதிரியில் ஆறு மேட்டில் ஏறிவிடக் கூடாது என்று. எது ஏரி, எது ஆறு என்று தீர்மானிக்க உயர எண்களை அவர்கள் நம்பவில்லை. ரேடார் பிம்பத்தின் பிரகாசத்தையும் லேண்ட்சாட் செயற்கைக்கோளின் தரவையும் வைத்து நீர்நிலைகளின் கரைகளைத் தனியே வரைந்தார்கள். அந்தக் கரைகள் தனித் தரவுத்தொகுப்பாகவே வெளியாயின. பிற்காலத்தில் டேன்டெம்-எக்ஸ் அளவீடுகளிலிருந்து உருவான ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் மாதிரி இன்னும் வெளிப்படையானது: உயரக் கோப்போடு கூடவே, ஒவ்வொரு கட்டமும் நீரற்றதா, கடலா, ஏரியா, ஆறா என்று பூஜ்யம் முதல் மூன்று வரை எண்ணிட்ட இன்னொரு கோப்பும் வருகிறது. லேசர் கொண்டு அளப்பவர்களுக்கும் இதே அனுபவம். வானூர்தியிலிருந்து செலுத்தும் அகச்சிவப்பு லேசரை நீர் விழுங்கிவிடும், அல்லது வேறு திசைக்குத் தெறித்துவிடும். நெதர்லாந்தின் தேசிய லேசர் உயரத் தொகுப்பில் கால்வாய்கள் எல்லாம் எண்ணே இல்லாத வெற்றிடங்களாகக் கிடக்கின்றன. உயரம் அளக்கும் கருவி நீரின் முன்னால் கைவிரிக்கிறது. அது கைவிரித்த இடத்தை உயரத்தைக் கொண்டே நிரப்பப் பார்ப்பது முரண். இதில் இன்னொரு கூத்தும் உண்டு. எஸ்ஆர்டிஎம்மில் அளக்க முடியாமல்போன கட்டங்களுக்கு −32768 என்ற எண்ணை அடையாளமாக இட்டார்கள். ரேடாரின் நிழல் விழுந்த இமயமலைச் செங்குத்துச் சரிவுகளில் இப்படிப்பட்ட கட்டங்கள் நிறைய. பூஜ்ய விதிக்கு −32768-ம் பூஜ்யத்துக்குக் கீழ்தான். விளைவு, 6,000 மீட்டர் உயரத்தில் திட்டுத்திட்டாக நீலம்.

இந்த வாதத்துக்கு ஒரு கெட்டிக்காரத்தனமான மறுப்பு உண்டு. பூஜ்யத்துக்குக் கீழ் இருப்பதெல்லாம் கடல் அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் கடலோடு தொடர்பிருந்தால்தானே நீர் உள்ளே வரும்? திறந்த கடலில் ஒரு கட்டத்தில் தொடங்கி, பக்கத்தில் உள்ள கட்டமும் பூஜ்யமோ கீழோ என்றால் அதையும் சேர்த்து, அங்கிருந்து அடுத்தது, அடுத்தது என்று பரவிக்கொண்டே போனால் உண்மையான கடல் மட்டும் நீலமாகுமே என்பார்கள். இது நல்ல யோசனை. சாக்கடலைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்கும் சகாராவின் கத்தாரா பள்ளமும் இதனால் உடனே காப்பாற்றப்படும், அவற்றுக்கும் கடலுக்கும் இடையில் உயர்ந்த நிலம் இருப்பதால். ஆனால் மனிதன் கரை கட்டிக் காக்கும் நிலத்தில் இந்த யோசனை ஒழுகுகிறது. கேரளத்தின் குட்டநாட்டில் நெல்வயல்கள் கடல்மட்டத்துக்கு ஓரிரு மீட்டர் கீழே கிடக்கின்றன. பக்கத்தில் வேம்பநாட்டுக் காயல் அவற்றைவிட உயர்ந்து நிற்கிறது. இரண்டையும் பிரிப்பது சில மீட்டர் அகலமே உள்ள மண்வரப்பும் கல்கரையும். 30 மீட்டர் கட்டத்தில் அந்த வரப்புக்குத் தனி இடம் கிடையாது. கட்டத்தின் உயரம் என்பது அதற்குள் அடங்கும் எல்லாவற்றின் கலவை. ஒரு பக்கம் காயல், மறுபக்கம் வயல், நடுவில் ஒடுங்கிய வரப்பு என்றால் சராசரியில் வரப்பு காணாமல் போகும். வரப்பு முழுவதும் வேண்டாம், ஓரிடத்தில் ஒரு கட்டம் விட்டுப்போனால் போதும், பரவும் நீலம் அந்த ஓட்டை வழியே புகுந்து பாடசேகரம் என்ற அந்த வயல்தொகுதி முழுவதையும் நிரப்பிவிடும். குறுக்குமூலையாகத் தொடும் கட்டங்களையும் அண்டை என்று கணக்கில் எடுத்தால் ஓட்டைகள் இன்னும் பெருகும். எடுக்காவிட்டால் குறுகலான உண்மையான முகத்துவாரங்கள் அடைபட்டு உப்பங்கழிகள் நிலமாகிவிடும். மேலும் எஸ்ஆர்டிஎம் உயரங்கள் முழு மீட்டராகத் திருத்தப்பட்டவை. 40 சென்டிமீட்டர் உயரமுள்ள உப்பளம் பூஜ்யமாகப் பதிவாகும். சுருக்கமாகச் சொன்னால் இந்த முறை ஏரியைப் பற்றி ஒன்றும் பேசாது, கடலைப் பற்றிப் பேசும்போதும் கரை கட்டாத கடற்கரையில் மட்டுமே நம்பத்தக்கது.

இன்னொரு மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது. உயர மாதிரி உயரத்தைச் சொன்னால் போதும், நீரையும் நிலத்தையும் எதற்குப் பிரித்துக் காட்ட வேண்டும், எல்லாவற்றையும் ஒரே நிற வரிசையில் விட்டுவிடலாமே என்பார்கள் அளவீட்டுத் தூய்மைவாதிகள். கணினிக்கு இது சரி. பார்ப்பவர் மனிதர் என்பதுதான் சிக்கல். நாசாவின் மார்ஸ் குளோபல் சர்வேயர் கலம் லேசரால் அளந்த செவ்வாயின் உயர வரைபடத்தைப் பாருங்கள். தாழ்ந்த இடங்கள் நீலம், உயர்ந்த இடங்கள் சிவப்பும் வெள்ளையும். அங்கே நீலம் தாழ்வு என்ற ஒன்றை மட்டுமே குறிக்கிறது. செவ்வாயில் கடல் கிடையாது, எனவே அதன் பூஜ்யமும் கணக்குக்காக மனிதர் தேர்ந்துகொண்ட ஒரு மட்டம்தான். ஆனாலும் அந்தப் படத்தைப் பார்ப்பவர்களின் கண் வடக்குச் சமவெளியில் ஒரு சமுத்திரத்தையும் ஹெல்லஸ் பள்ளத்தில் ஓர் உள்நாட்டுக் கடலையும் கண்டுவிடுகிறது. பழங்காலத்தில் வடக்கே கடல் இருந்திருக்குமா என்பது விஞ்ஞானிகள் உண்மையாகவே விவாதிக்கும் கேள்வி. அதற்கு ஆதாரம் பாறையிலும் கரைத்தடங்களிலும் தேட வேண்டியது, அந்த நீலத்தில் அல்ல. நிறத்துக்குப் பழக்கத்தால் வந்த பொருளைப் பார்ப்பவரிடமிருந்து பிடுங்கிவிட முடியாது. பச்சைக்கும் இதே கதை: தாழ்வுக்குப் பச்சை என்ற வழக்கத்தால் கத்தாரா பள்ளம் என்ற பாலைநிலம் அட்லஸில் பசுமையாகத் தெரிகிறது. டாம் பாட்டர்சன், பெர்ன்ஹார்ட் ஜென்னி ஆகிய இரு நிலப்பட வல்லுநர்கள் இதற்குக் கண்ட தீர்வு, உயரத்தோடு தட்பவெப்பத்தையும் சேர்த்து நிறம் கலப்பது: அதே 100 மீட்டர் உயரம் ஈரமான நாட்டில் பச்சையாகவும் வறண்ட நாட்டில் மணல் நிறமாகவும் வரும். பசுமை உயரத்தில் அடங்காது, வேறு அளவீட்டிலிருந்து வர வேண்டும் என்று அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். நீருக்கு அதே நியாயத்தைக் கொடுப்பதில் தயக்கம் எதற்கு?

மூன்றாவது மறுப்புதான் எனக்கு வலுவாகப் படுகிறது: நீர் அடுக்கைத் தனியே வைத்தால் மட்டும் அது உண்மை பேசுமா? பேசாது, தேதியை மறைத்தால். சீனாவின் மூன்று பள்ளத்தாக்கு அணையில் நீர் தேங்கத் தொடங்கியது 2003 ஜூனில். எஸ்ஆர்டிஎம் அளந்தது 2000 பிப்ரவரியில். எனவே அதில் யாங்சி ஆறு பழைய ஆழத்தில், ஒடுங்கிய பள்ளத்தாக்கின் அடியில் ஓடுகிறது. இன்றைய நீர்த்தேக்கத்தின் எல்லையை அந்தப் பழைய நிலத்தின் மேல் நீலமாகப் பூசி முப்பரிமாணத்தில் பார்த்தால், நீர் தட்டையாக நிற்காமல் நனைந்த வேட்டியை மலைச்சரிவில் விரித்தது போல ஏறி இறங்கிக் கிடக்கும். அணையருகே நீர்மட்டம் நூறு மீட்டருக்கும் மேல் உயர்ந்திருப்பதால் பிழை சிறியதல்ல. சாக்கடலில் நேரெதிர். அது ஆண்டுக்கு ஒரு மீட்டருக்கு மேல் இறங்கிக்கொண்டிருக்கிறது. 2000-இன் கரையை இன்று பூசினால் இப்போது உப்புச் சேறாகக் கிடக்கும் அகன்ற கரையோரம் நீராகத் தெரியும். ஆனால் இந்த எடுத்துக்காட்டுகள் தனி அடுக்கு தேவை என்ற வாதத்தைக் கலைக்கவில்லை, உறுதிப்படுத்துகின்றன. நீர் தனி அடுக்காக இருப்பதால்தான் அது பழையது என்று கண்டுபிடிக்கவும், புதியதை வைத்து மாற்றவும் முடிகிறது. உயரத்தின் நிறவரிசைக்குள் கரைத்துவிட்ட நீலத்துக்கு வயது கேட்க முடியாது.

இதன் விளைவு அழகியலோடு நிற்பதில்லை. கடல்மட்டம் ஒரு மீட்டர் உயர்ந்தால் எங்கெல்லாம் மூழ்கும் என்று காட்டும் படங்கள் பல, பூஜ்ய விதியின் பூஜ்யத்தை ஒன்றாக மாற்றியவைதான். எஸ்ஆர்டிஎம்முக்கு ஏற்கப்பட்ட பிழையளவோ 16 மீட்டர். நடைமுறையில் அதைவிட நன்றாகவே அமைந்தது என்றாலும், ஒரு மீட்டர் வேறுபாட்டை நம்பிக் கோடு கிழிக்கும் அளவுக்கு அல்ல. அதோடு ரேடார் தரையைப் பார்க்காமல் மரத்தலைகளையும் கூரைகளையும் பார்த்ததால், சதுப்புக்காடுகளும் நெருக்கமான கடலோர நகரங்களும் உண்மையைவிட உயரமாகப் பதிவாயின. ஸ்காட் கல்ப், பெஞ்சமின் ஸ்ட்ராஸ் ஆகியோர் 2019-இல் இந்தச் சாய்வைத் திருத்திக் கணக்கிட்டபோது, கடல்மட்ட உயர்வால் பாதிக்கப்படக்கூடிய மக்களின் மதிப்பீடு உலக அளவில் ஏறத்தாழ மூன்று மடங்கானது. நீலக் கோடு எங்கே நிற்கிறது என்பதை வைத்து யாருக்குக் காப்பீடு, எங்கே கரை என்று முடிவெடுக்கும் காலத்தில், அந்தக் கோடு எதிலிருந்து வந்தது என்ற கேள்வியை நிறம் பூசுபவரின் ரசனைக்கு விட்டுவிட முடியாது.

தேதியைச் சேர்த்தபிறகும் மீதமிருப்பது பருவம். குட்டநாட்டு வயல் தென்மேற்குப் பருவமழையில் நீர்ப்பரப்பு. இறைத்து விதைத்தபின் நிலம். தமிழ்நாட்டு ஏரிகள் இன்னும் பிடிவாதமானவை: வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் நிரம்பிய ஏரியில், கோடையில் ஆடு மேயும், மழை பொய்த்த ஆண்டில் கரைக்குள் பயிரே வைப்பார்கள். இவற்றுக்கு நீர் என்றும் நிலம் என்றும் இரண்டே நிறம் போதாது. ழான்-ஃபிரான்சுவா பெக்கலும் ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையத்தைச் சேர்ந்த அவர் குழுவினரும் 2016-இல் வெளியிட்ட உலக நீர்ப்பரப்புத் தொகுப்பு இதற்கு வழி காட்டுகிறது. 1984 முதல் 2015 வரை லேண்ட்சாட் எடுத்த முப்பது லட்சம் படங்களைக் கணினியில் அலசி, ஒவ்வொரு 30 மீட்டர் கட்டமும் பார்த்த தடவைகளில் எத்தனை சதவீதம் நீராக இருந்தது என்று கணக்கிட்டார்கள். அண்மை அகச்சிவப்பு ஒளியை நீர் விழுங்கிவிடுவதால் அந்தப் பட்டையில் அது கறுப்பாகத் தெரியும்; மண்ணும் இலையும் பிரகாசிக்கும். உயரமே தேவைப்படாமல் நீரை அடையாளம் காட்டும் இயற்பியல் இது. நூறு சதவீதக் கட்டத்துக்கு அடர்நீலம், நாற்பது சதவீதத்துக்கு நிலத்தின் நிறம் ஊடே தெரியும் மெல்லிய நீலம் என்று பூசினால் ஏரியின் மதகடிப் பள்ளமும் மேல்விளிம்பில் ஆண்டுக்கு இரண்டு மாதம் மட்டும் நனையும் மேய்ச்சல் தரையும் பிரிந்து தெரியும். இதிலும் ஓட்டைகள் உண்டு. மேகம் மூடிய மழைக்காலத்தில் படம் குறைவு, எனவே ஏரி நிரம்பியிருந்த நாட்கள் கணக்கில் தவறிப்போகும். தாமரையும் வெங்காயத்தாமரையும் மூடிய நீரைக் கருவி பயிர் என்று எண்ணிவிடும். 30 மீட்டருக்கும் குறைந்த ஊருணி கட்டத்துக்குள் கரைந்துபோகும்.

இந்திய நில அளவைத் துறையின் பழைய நிலப்படங்களில் இதற்கு ஒரு முன்னோடி இருக்கிறது. ஆண்டு முழுவதும் நீர் உள்ளவற்றை நீலத்திலும், வறண்டுபோகும் ஓடைகளைக் கறுப்பிலும் அச்சிட்டார்கள். அளவையாளர் நேரில் போய் நின்று, விசாரித்து, குறித்துக்கொண்ட செய்தி அது. உயரக் கோடுகள் வேறு நிறத்தில், வேறு அச்சுத் தகட்டில் தனியே இருந்தன. எந்த ஆண்டு அளந்தது என்பதும் படத்தின் ஓரத்தில் இருந்தது. இன்றைய மென்பொருளில் அந்தத் தகட்டுக்குச் சமமானது உயரக் கோப்புக்குப் பக்கத்தில் வைக்கும் இரண்டாவது கோப்பு. கோப்பர்நிக்கஸ் மாதிரியை இறக்கிக்கொள்பவருக்கு அது இலவசமாகவே கூட வருகிறது. திறந்து பார்க்காமல், மென்பொருள் தானாகத் தரும் நிறவரிசையில் பூஜ்யத்துக்குக் கீழ் நீலம் என்று விட்டுவிடுவதால்தான் ஷிப்போல் இன்னும் பல திரைகளில் கடலுக்கடியில் இருக்கிறது.